குளிர்காலத்தில் பூச்சியே கிடைக்காதாம்!

கேமராக்கிறுக்கன்: "வெண்பனி விழுந்தாச்சா, பூச்சி கிடையாது, பொடிசுகளைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸை மூட்டை கட்டுங்கள்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இன்று ஒரு மணி நேரம் பனியில் குப்புறப் படுத்து எடுத்த படம் கீழே. மிளகைப் பொடித்துத் தூவியது போல நூற்றுக்கணக்கில் ஸ்பிரிங்டெயில் என்கிற துள்ளும் பொடி உயிரினம். ஒன்றும் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஃபோகஸ் பிடிக்கிற நேரம் பார்த்து, வயிற்றுக்கடியில் மடக்கி வைத்த கவை போன்ற வாலைத் தட்டிவிட்டுத் துள்ளி ஓடிவிடுகிறது.

மரப்பட்டை: அந்த மேதாவி நான்தான். படம் நன்றாயிருக்கிறது. ஆனால் அது பூச்சியே இல்லையே!

கேமராக்கிறுக்கன்: ஆறு கால் இருக்கிறதா, இல்லையா?

மரப்பட்டை: ஆறு கால் இருந்தால் போதுமா? வாயுறுப்பு தலைக்குள் புதைந்திருக்கும், வயிற்றில் ஆறே கண்டம். இப்போதைய வகைப்பாட்டில் அது தனி வகுப்பு.

கேமராக்கிறுக்கன்: வாய் எங்கே இருந்தால் என்ன சார், நான் பல்லா விளக்கிவிடப் போகிறேன்? கால் ஆறு. எண்ணிப் பாருங்கள்.

பொறுமைசாலி: அது கிடக்கட்டும், பனி ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது? எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி, வெளிச்சத்தை இரட்டிப்பாக்கியிருக்கலாமே.

கேமராக்கிறுக்கன்: வெள்ளையைப் பார்த்தால் கேமராவின் ஒளிமீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்று எனக்கே பாடமா? போன வருஷம் என் தும்பிமேல் இருந்த பனித்துளி ஸ்பிரே பாட்டிலில் அடித்தது என்று சொன்னவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

பொறுமைசாலி: இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

வண்டுவிழி: சண்டை எதற்கு? பட்டைக்கு அடியில் பொறிவண்டுகள் கொத்தாக ஒண்டிக்கிடக்கின்றன. குளிரில் அசையவே இல்லை, ஸ்டாக்கிங்குக்கு, அதாவது ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்து ஒரே படமாக அடுக்க, 30 ஷாட் நிதானமாக எடுத்தேன். மூச்சுதான் வில்லன், ஒவ்வொரு தடவையும் வ்யூஃபைண்டரில் ஆவி.

மரப்பட்டை: பட்டையை உரித்தீர்களா? லைக்குக்காக அதுங்க ஒண்டிய இடத்தையே பிய்ப்பதா?

வண்டுவிழி: ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த பட்டை சார். விலக்கினேன், எடுத்தேன், திரும்ப மூடினேன்.

மரப்பட்டை: எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பனிமேல் நடக்கிற நிஜப் பூச்சி வேண்டுமென்றால் ஸ்னோ ஸ்கார்பியன்ஃப்ளையைத் தேடுங்கள். பாசிப் பக்கம் இருக்கும், சிறகு பெயருக்குத்தான்.

கேமராக்கிறுக்கன்: ஆகா! அப்படியானால் குளிர்காலத்தில் பூச்சி உண்டு!

மரப்பட்டை: நான் சொன்னது லேசில் கிடைக்காது என்றுதான்.

கேமராக்கிறுக்கன்: "கிடையாது" என்று எழுதினீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. நாளைக்கு மறுபடி போகிறேன், ஐந்து மடங்கு பெருக்கத்தில் ஒவ்வொரு காலுக்கும் எண் போட்டுத் தருகிறேன்.

மரப்பட்டை: அப்படியே வாயையும் தேடிப் பாருங்கள்.

கேமராக்கிறுக்கன்: ஆறு கால்.

பொறுமைசாலி: எக்ஸ்போஷர்.