ஜூன் முதல் வாரத்தில் உத்தராகண்ட் மலர்ப் பள்ளத்தாக்கு: பூக்கள் இருக்குமா, பாதை நடக்கத் தக்கதாக இருக்குமா?

கோவை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் விருப்பம். நான் பள்ளியில் பணிபுரிவதால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீண்ட விடுப்பு எடுக்க இயலாது. பூங்கா ஆண்டுதோறும் ஜூன் 1 அன்று திறக்கப்படுவதால், கோடை விடுமுறை முடிவதற்குள், அந்த முதல் வாரத்திலேயே சென்று வர எண்ணியிருக்கிறோம். ஆனால் விசாரித்தவர்களில் பெரும்பாலோர், அப்போது பூவே இருக்காது, பனிதான் இருக்கும் என்கிறார்கள். அம்மாவுக்கு வயது 61. நாள்தோறும் நடப்பவர், ஆயினும் பனியில் நடந்து பழக்கமில்லை. அவ்வளவு தொலைவு சென்று ஏமாற்றத்துடன் திரும்ப நேருமோ என்பதே என் கவலை.

மலைவழி:
படங்களில் காணும் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு செல்வதாக இருந்தால், ஜூன் தொடக்கம் அதற்குரிய காலம் அன்று. பள்ளத்தாக்கின் தரை முழுவதும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஊதாவுமாக நிறைந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரையிலான மழைக்காலத்தில்தான். நீல பாப்பியும் அந்த மாதங்களுக்கு உரியது. பிரம்ம கமலம் அதற்கும் பிந்தியது. பள்ளத்தாக்குக்கு அருகே இன்னும் உயரத்தில் உள்ள ஹேம்குண்ட் ஏரியை ஒட்டிய இடங்களில்தான் அதைத் தேட வேண்டும். அம்மாவின் விருப்பம் இந்தக் காட்சிதான் என்றால், விடுப்புக்கு வழி கிடைக்கும் ஓர் ஆண்டு வரை காத்திருப்பதே நல்லது.

தாவரவியல் மாணவி:
மேலே சொல்லப்பட்டது சரியே. ஆனால் ‘பூவே இருக்காது’ என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சுமார் 3,200 மீட்டருக்கு மேலே தொடங்கும் இந்தப் பள்ளத்தாக்கில் செடிகளுக்குக் கிடைக்கும் வளர்காலம் மிகக் குறுகியது. ஆகவே சில இனங்கள் முந்தைய ஆண்டிலேயே தண்டுக்கிழங்கிலும் குமிழிலும் உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பனி விலகியதும் மற்ற செடிகள் உயர்ந்து வெளிச்சத்தை மறைப்பதற்கு முன்பாகவே பூத்து முடித்துவிடுகின்றன. உருகும் பனித்திட்டின் விளிம்பை ஒட்டி, உருண்டைக் கொத்தாக மென்மையான ஊதா நிறத்தில் நிற்கும் பிரிமுலா டென்டிகுலாட்டாவை அந்த நாட்களில் பார்க்கலாம். ஈரமான இடங்களில் கால்தா, புல்வெளிகளில் அனிமோன், மர நிழலில் மூன்று இலைகளுக்கு நடுவே ஒற்றைப் பூவுடன் டிரில்லியம், தலை கவிழ்ந்த மணியைப் போலப் பசுமஞ்சள் இதழில் பழுப்புக் கட்டங்கள் கொண்ட ஃப்ரிட்டிலாரியா ஆகியவையும் இப்பருவத்தைச் சேர்ந்தவை. பயணிகள் இரவு தங்கும் சிற்றூரான காங்கரியாவிலிருந்து பள்ளத்தாக்குக்கு ஏறும் வழியில் பூர்ஜ (பிர்ச்) மரங்களுக்கு அருகே ரோடோடென்ட்ரான் புதர்களும் பூத்திருக்கக்கூடும். ஆகஸ்டில் செல்பவர்கள் இவற்றுள் பலவற்றைக் காய்த்த நிலையில்தான் காண்பார்கள். சிலவற்றை, ஓங்கி வளர்ந்த காசித்தும்பை இனச் செடிகளுக்கு அடியில் காணவே மாட்டார்கள்.

ஆகவே பரந்த கம்பளத்தை எதிர்பார்க்காமல், குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகப் பார்க்கும் பொறுமை இருந்தால் ஜூன் மிகச் சிறந்த மாதம். மழைக்கு முந்திய காலை நேரங்களில் வானம் தெளிந்திருந்தால், பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் ரத்தபன் சிகரமும் தெரியும். மேகம் இறங்கி நிற்கும் ஆகஸ்டில் அந்தக் காட்சி பல நாட்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: டிரில்லியத்தின் கிழங்கை மருந்துக்காகத் தோண்டி எடுத்ததால் இமயமலையின் பல இடங்களில் அது அருகிவிட்டது. எந்தச் செடியையும் பறிக்காமலும், படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்காமலும் இருங்கள். பனியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மண்ணில் முளைகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.

கர்வால் நடையர்:
பூவைப் பற்றி மேலே விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜோஷிமட்டைக் கடந்து கோவிந்த்காட், அங்கிருந்து ஜீப்பில் புல்னா. பிறகு காங்கரியா வரை ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நடை. இந்தப் பகுதியில் கோவேறு கழுதை கிடைக்கும் என்பதால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. பூங்காவுக்குள் கழுதைகளுக்கு அனுமதியில்லை. நடக்க இயலாதவர்களை முதுகுக் கூடையில் சுமந்து செல்லும் தொழிலாளர்களைக் காங்கரியாவில் அமர்த்திக்கொள்ளலாம். உள்ளே இரவு தங்க முடியாது. காலையில் புகுந்து மாலைக்குள் வெளியேற வேண்டும்.

ஜூனில் உண்மையான ஆபத்து ஓடைகளின் மேல் உறைந்து கிடக்கும் பனிப்பாலங்கள்தான். மேலே உறுதியாகத் தெரிந்தாலும், அடியில் ஓடும் நீர் அவற்றைக் குடைந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறஏற அவை மேலும் தளரும். எனவே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, காலையிலேயே அவற்றைக் கடந்து, இயன்றவரை முன்னதாகவே திரும்பிவிடுங்கள். அவர் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். 1939இல் தாவரம் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் இங்கே பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து உயிரிழந்தார். அவருடைய கல்லறை வரை சென்றுவரப் பலரும் விரும்புவார்கள். பனி மிகுந்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுவதே சரி. காலணியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டையும் ஊன்றுகோலும் இருவருக்கும் கட்டாயம் வேண்டும்.

கோவை ஆசிரியை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பனி விளிம்பில் பூக்கும் பிரிமுலாவைப் பார்த்தால் போதும் என்கிறார். செல்வதென்று முடிவு செய்துவிட்டோம். காங்கரியாவை அடைந்த மறுநாளே ஹேம்குண்டுக்கும் ஏறிவிடலாமா?

கர்வால் நடையர்:
வேண்டாம், சகோதரி. காங்கரியாவே 3,000 மீட்டரைத் தாண்டியது. ஹேம்குண்ட் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வரும் வழியில் ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்குங்கள். காங்கரியாவை அடைந்த மறுநாள் பள்ளத்தாக்குக்குச் சென்று வாருங்கள். அன்று இரவு இருவருக்கும் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை எதுவும் இல்லையென்றால் மட்டும் அடுத்த நாள் ஹேம்குண்டைப் பற்றி யோசியுங்கள். அறிகுறி ஏதேனும் தோன்றினால் மேலே ஏறாமல் கீழே இறங்கிவிட வேண்டும். புறப்படுவதற்கு முன் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, உயரத்துக்கான மாத்திரை தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனில் பத்ரிநாத் யாத்திரைக் கூட்டத்தால் அந்தச் சாலையில் நெரிசல் மிகும். திரும்பும் பயணத்தில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிய பிறகு ரயில் சீட்டைப் பதிவு செய்யுங்கள்.