புதுப்பிப்பு: அம்மாவின் அக்கி, 18ஆம் நாள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அம்மாவுக்கு இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் வந்தபோது, "இது அக்கியா? கர்ப்பிணியான தங்கை அதே வீட்டில் இருக்கலாமா?" என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

அக்கியேதான். எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் உறங்கிக் கிடந்து, வயதான பின் விழித்துக்கொள்கிறது. குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிவரலாம் என்று சித்தி அன்போடுதான் அழைத்தார். ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். நாங்கள் இரண்டாம் நாளே தொடங்கிவிட்டோம்.

அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மையும் வராமல், அதற்கான தடுப்பூசியும் போடாமல் இருப்பவர்களுக்குச் சின்னம்மை வரலாம். தங்கைக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. அவள் நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி அம்மாவே மருத்துவரிடம் சொன்னார். இருந்தாலும் பொருக்குக் கட்டும்வரை கொப்புளங்களை மூடியே வைத்தோம், துண்டையும் தனியாக்கினோம்.

இப்போது பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. புடவைக் கொசுவம் உரசினாலே அம்மா பல்லைக் கடிக்கிறார். தளர்ந்த பருத்தி நைட்டிதான் தாங்குகிறது. இந்த நரம்பு வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்குமாம், அதற்குத் தனி மருந்து கொடுத்திருக்கிறார்கள். "தோல்தான் ஆறிவிட்டதே" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள், பார்வையே பாதிக்கப்படலாம்.

50 வயது கடந்தவர்களுக்கு அக்கியைத் தடுக்க இரண்டு தவணைத் தடுப்பூசி இருக்கிறது. அப்பாவுக்குப் போட அடுத்த வாரம் அழைத்துப் போகிறேன்.