பார்லி மோல்ட் இனிக்குதில்ல, கஞ்சியாவே நிக்குது. அவசரம்!

கல்லடிப்பாலம்:
வணக்கம். பார்லிய முளைக்க வைச்சு, காய வைச்சு, அரைச்சு, சுடுதண்ணியில கரைச்சு வைச்சன். ஒரு மணித்தியாலத்தில இனிப்புச் சாறா மாறும் எண்டுதான் குறிப்பில கிடக்கு. எனக்குக் கஞ்சி மாதிரித் தடிச்சுப்போய் நிக்குது, இனிப்பு மருந்துக்கும் இல்ல. அயடீன் விட்டா கருநீலம், மாப்பொருள் இன்னும் அப்படியே கிடக்கு எண்டு அர்த்தம். பியர் செய்யிறதில மோல்ட்டுக்கு என்ன வேலை எண்டதுதான் எங்கட குழுவுக்குக் கிடைச்ச தலைப்பு. சாறு எடுக்கிறதோட நிப்பாட்டுறம், நொதிக்க வைக்கிறல்ல. வியாழக்கிழமை செய்து காட்டணும். என்ன பிழை எண்டு சுருக்காச் சொல்லுங்க.

வாவிக்கரையான்:
என்ன பார்லி தங்கச்சி? கடையில விக்கிற வெள்ளைப் பார்லியா, உமியோட உள்ளதா? வெள்ளைப் பார்லி தீட்டினது. உமியும் தவிடும் போய், முளைக்கிற பக்கமும் அடிபட்டிருக்கும். ஊற வைச்சா ஊறும், வீங்கும், புளிக்கும். முளைக்காது.

உலைமூடி:
தண்ணி எவ்வளவு சூடு புள்ள? கை பொறுக்கிற சூடா, கொதிச்ச தண்ணியா? அதச் சொல்லாம ஒண்டும் சொல்ல ஏலாது.

பழைய வாத்தியார்:
கேள்வியை ஒழுங்காகக் கேட்டால்தான் பதில் ஒழுங்காக வரும். எத்தனை கிராம் பார்லி, எவ்வளவு தண்ணீர், என்ன வெப்பநிலை, பிஎச் (புளிப்பு, காரத்தின் அளவு) என்ன, ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுத்திருப்பீர்கள். காரத்தன்மை கூடிய தண்ணீரில், மாப்பொருளைச் சீனியாக்கும் அமிலேசு நொதியங்கள் ஒழுங்காக வேலை செய்யாது. கலவையின் பிஎச் 5.2 இலிருந்து 5.6 வரை இருக்க வேண்டும். தேசிக்காய்ப்புளி கொஞ்சம் விட்டுப் பாருங்கள். பிரச்சினை தண்ணீரில்தான். இந்த இடத்தில் பல தடவை எழுதியிருக்கிறேன், யாரும் பழைய பதிவுகளை வாசிப்பதில்லை.

கொக்கட்டிச்சோலைக் கொக்கு:
நான் இப்ப கனடாவில. இங்க சொந்தப் பாவனைக்கு வீட்டில பியர் காய்ச்சச் சட்டம் இடம் குடுக்குது, அதால கொஞ்சம் கை பழகியிருக்கு. தங்கச்சி, எனக்கு ஒரு கேள்விதான் முக்கியம்: முளைவிட்டதுக்குப் பிறகு எப்படிக் காய வைச்சீங்க? வெயிலா, அவணா, அடுப்பா?

இன்னொண்டு. அயடீன் விடக்குள்ள சாறு சூடா இருந்ததா? ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கானில எடுத்து நல்லா ஆற விட்டுத்தான் விடணும். சூட்டில அந்த நீலம் சரியா வராது. உமித் துண்டு கிடந்தா அதுவும் கறுக்கும், அத வைச்சுக் கணக்கெடுக்க வேணாம். தெளிஞ்ச சாறு மட்டும்.

காத்தான்குடி உம்மா:
மோல்ட் எண்டா பியர் சாமானா? ஊட்டுப் புள்ளைகளுக்கு நெஸ்டோமோல்ட் ஊத்திக் குடுக்கிறமே. வாசிச்சதும் மனசு திக்கெண்டு போச்சு.

கல்முனை நானா:
உம்மா, பயப்புட ஒண்டும் இல்ல. மோல்ட் எண்டது முளைக்க வைச்சுக் காய வைச்ச தானியம். அதில மதுசாரம் இல்ல. மதுவம் (ஈஸ்ட்) சேத்து நொதிக்க உட்டாத்தான் மதுசாரம் வரும். மைலோவிலயும் பார்லி மோல்ட் இரிக்கி. நான் பேக்கரி வேல பழகின ஆள், பாண் மாவுக்கும் மோல்ட் மா கொஞ்சம் போடுறவங்க, நிறமும் பொங்கலும் நல்லா வரும்.

செங்கலடிச் சின்னையா:
எனக்கு ஒரு விசயம் விளங்குதில்ல. எங்கட பக்கம் பனங்கள்ளு, தென்னங்கள்ளு எல்லாம் முட்டிக்குள்ளயே தன்பாட்டில நொதிக்குது. ஒரு முளையும் வேணாம், அயடீனும் வேணாம். பியருக்கு மட்டும் ஏன் இவ்வளவு வில்லங்கம்?

கொக்கட்டிச்சோலைக் கொக்கு:
சின்னையா அண்ணன் கேட்டதுதான் இந்தத் தலைப்பின்ட அடிமுடிச்சு. பனை, தென்னைச் சாறு மரத்தில இருந்து இறங்கக்குள்ளயே சீனியோட இறங்குது. மதுவம் அத அப்படியே தின்னும். தானியத்தில இருக்கிறது மாப்பொருள். நீளமான சங்கிலி. பியர் மதுவத்துக்கு அதத் தின்னத் தெரியாது. யாரோ அந்தச் சங்கிலிய அறுத்துச் சீனியாக்கிக் குடுக்கணும். அதச் செய்யிறது முளைக்கிற விதையே.

விதை ஈரம் குடிச்சதும் முளைக்கருவில இருந்து ஜிப்பரலின் எண்ட ஓமோன் வெளிக்கிடும். அது மாப்பகுதியச் சுத்தியிருக்கிற மெல்லிய படைக்குப் போய், நொதியங்களச் செய்யச் சொல்லும். அல்பா அமிலேசு புதுசாப் பிறக்கிறது அப்பதான். பீற்றா அமிலேசு விதையில முதலே கட்டுண்டு கிடக்கும், முளைக்கக்குள்ள அவிழும். இதெல்லாம் அந்த விதை தன்ட நாத்துக்குச் சாப்பாடு குடுக்கச் செய்யிற ஆயத்தம். நாத்து அதச் சாப்பிட்டு முடிக்க முதல் நாம இடையில காய வைச்சு நிப்பாட்டுறம். நிப்பாட்டின அந்தச் சாமான்தான் மோல்ட். மாவும் அதுக்குள்ள, மாவ அறுக்கிற நொதியமும் அதுக்குள்ள.

பெரிய ஆலைகளில விதைய 45 வீதம் வரைக்கும் ஈரம் ஏறும்படி ஊற வைப்பாங்க. இடையிடையே தண்ணிய வடிச்சுக் காத்துப் பட விடுவாங்க, இல்லாட்டி விதை மூச்சடைச்சுச் செத்துப்போகும். மறுகா 15 – 18 பாகையில நாலைஞ்சு நாள் முளைக்க விடுவாங்க. உமிக்குள்ளால ஓடுற முளை விதையின்ட நீளத்தில முக்கால்வாசி வந்ததும் நிப்பாட்டுவாங்க. வெளியில தெரியிற வேரப் பாத்து ஏமாறக்கூடா.

காய வைக்கிறதுதான் ஆகப் பெரிய கவனம். முதல் 50 – 60 பாகைச் சூட்டுக் காத்தில ஈரத்தப் போக்கி, நல்லாக் காஞ்ச பிறகுதான் 80 – 85க்கு ஏத்துவாங்க. ஈரமான விதையில சூடு ஏறினா நொதியம் செத்துப்போகும். காஞ்ச விதையில அதே சூட்டத் தாங்கி நிக்கும். அதாலதான் எப்படிக் காய வைச்சீங்க எண்டு திரும்பத் திரும்பக் கேக்கிறன்.

பழைய வாத்தியார்:
தண்ணீரின் பிஎச்சை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதைக் கவனத்தில் எடுக்கிறேன்.

கல்லடிப்பாலம்:
பிந்திட்டுது, மன்னிக்கணும். உமியோட உள்ள பார்லிதான், மாமா கொழும்பில இருந்து அனுப்பினவர். தண்ணி போத்தல் தண்ணி. வெப்பமானி இல்ல, கொதிக்க வைச்சுக் கொஞ்சம் ஆற விட்டு ஊத்தினன். முளை நல்லா வந்தது. மறுகா ஈரத்தோட தாச்சியில போட்டு வறுத்தன், பொன்னிறமாகி வாசம் வரும் வரைக்கும். அம்மா சத்துமாவுக்குக் குரக்கன் அப்படித்தான் செய்யிறவ.

வாவிக்கரையான்:
வறுத்தீங்களா! அதுதான் விசயம். முதலே சொல்லியிருந்தா ஒரு பக்கம் மிச்சம்.

கொக்கட்டிச்சோலைக் கொக்கு:
ஓம், அதேதான். ஈரத்தோட தாச்சிச் சூட்டில நொதியம் முழுக்கச் செத்துட்டுது. மா அப்படியே இருக்கு, அறுக்க ஆளில்ல. அதுதான் கஞ்சி, அதுதான் கருநீலம்.

வறுத்த மோல்ட்டும் பியரில இருக்குத்தான். இங்கிலாந்தில டானியல் வீலர் எண்டவர் 1817இல மோல்ட்ட உருளையில போட்டுக் கறுக்க வறுக்கிற முறைக்குக் காப்புரிமை எடுத்தவர். போர்ட்டர், ஸ்டவுட் வகைகளின்ட கறுப்பு நிறமும் கோப்பி மாதிரி வாசமும் அதில வாறது. ஆனா அது கொஞ்சமாத்தான் போடுறது. சீனியாக்கிற வேலையப் பாக்கிறது கூடப் போடுற வெளிர் மோல்ட். நீங்க வைச்சிருக்கிறது கறுப்பு இல்லாட்டியும், நொதியம் இல்லாத அந்தப் பக்கத்துச் சாமான்.

உலைமூடி:
தம்பி, வறுக்கிறத அப்படி ஒரேயடியாப் பிழை எண்டு சொல்லாதீங்க. முளைக்க வைச்ச குரக்கன வறுத்துத்தான் குழந்தைக்குக் குடுக்கணும். ஈரத்தில நாள்கணக்காக் கிடந்த தானியம், கிருமி இருக்கும். எங்கட அம்மம்மா காலத்தில இருந்து அப்படித்தான்.

கல்முனை நானா:
உலைமூடி சொல்றதிலயும் நியாயம் இரிக்கி. ஆனா ஒரு விசயம். வறுக்காம இளஞ்சூட்டில காய வைச்ச முளை மாவை, காய்ச்சின கஞ்சி கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினா, தடிச்ச கஞ்சி கொஞ்ச நேரத்தில தண்ணியா இளகிடும். அதே கிண்ணத்துக்குள்ள கூட மா புடிக்கும், சின்னப் புள்ளைக்குச் சத்துக் கூடப் போகும். கடசியில ஒருக்கா நல்லாக் கொதிக்க வைச்சா கிருமிக்கும் சரி. மொதல்ல நொதியத்த வேல செய்ய உட்டுட்டு, மறுகாக் கொதிக்க வைக்கணும்.

உலைமூடி:
கடைசியில கொதிக்க வைக்கிறதெண்டா எனக்குச் சம்மதம். இல்லாட்டி இல்ல.

செங்கலடிச் சின்னையா:
குரக்கன் பேச்சு வந்ததால கேக்கிறன். நம்மட மண்ணில விளையிற குரக்கன் இருக்கக்குள்ள, இங்க விளையாத பார்லிய ஏன் கட்டி அழணும்? பியர்க்காரரும் குரக்கனில செய்யலாம்தானே?

பழைய வாத்தியார்:
செய்ய முடியாது. பியர் என்றால் பார்லி. ஜெர்மனியின் பவேரியாவில் 1516ஆம் ஆண்டிலேயே பார்லி, ஹொப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), தண்ணீர் தவிர வேறொன்றும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அடிப்படை தெரியாமல் விவாதிக்க வேண்டாம்.

செங்கலடிச் சின்னையா:
அது பவேரியாச் சட்டம் சேர். வாகரையில குரக்கன் வெட்டுறவனுக்கு அது என்னத்துக்கு?

கொக்கட்டிச்சோலைக் கொக்கு:
சேர், செய்யலாம். கிழக்கு ஆபிரிக்காவில குரக்கன் முளையில சம்பிரதாயமாப் பியர் செய்யிறாங்க. நைஜீரியா 1988இல பார்லி மோல்ட் இறக்குமதியத் தடுத்தது. அங்கத்தப் பெரிய ஆலைகள் இறுங்குச் சோளத்துக்கு மாறி, வெளியில இருந்து நொதியமும் சேத்து லாகர் பியர் செய்தாங்க. எங்கட சூட்டுக்கு முளைக்க வைக்கக் குரக்கன்தான் லேசு எண்டதும் உண்மை.

ஆனா பார்லிய உலகம் பிடிச்சு வைச்சிருக்கிறதுக்குக் காரணம் இருக்கு அண்ணன். குரக்கன் முளையில பீற்றா அமிலேசு குறைவு, அதால மோல்ற்றோசு எண்ட சீனியும் குறைவு. பார்லி மா 60 – 65 பாகையிலயே இளகும், அமிலேசும் அந்தச் சூட்டிலதான் நல்லா வேலை செய்யும். ரெண்டும் ஒரே பானையில ஒண்டாச் சேருது. குரக்கனும் அரிசியும் இளகக் கூடச் சூடு வேணும், அந்தச் சூட்டில பீற்றா நிக்காது. மறுகா உமி. பார்லி உமி தானியத்தோட ஒட்டிக்கிடக்கும். சாறு வடிக்கக்குள்ள அந்த உமிதான் அடியில படுக்கையாப் படிஞ்சு, தெளிவா வடிச்சுத் தரும். குரக்கன் கூழ வடிச்சுப் பாத்தவங்களுக்கு அந்த அருமை தெரியும்.

வாவிக்கரையான்:
எல்லாம் சரி, தங்கச்சிக்கு வியாழக்கிழமை. புதுசா முளைக்க வைக்க நாள் இல்ல. அதுக்கு வழி சொல்லுங்க.

கொக்கட்டிச்சோலைக் கொக்கு:
வழி இருக்கு. தங்கச்சி, வறுக்காத முளை ஏதும் மிச்சம் கிடக்கா? பச்சையா இருந்தாலும் பரவாயில்ல.

கல்லடிப்பாலம்:
பிரிட்ஜில ஒரு சுண்டு அளவு கிடக்கு அண்ணா. தாச்சி கொள்ளாததால எடுத்து வைச்சது.

கல்முனை நானா:
மொதல்ல மணந்து பாருங்க. வெள்ளரிக்காய் மாதிரிப் பச்ச வாசம் வந்தா நல்லது. பூஞ்சண வாசமோ, இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளியோ இருந்தா முழுக்கக் கொட்டிடுங்க. எங்கட 30 பாகைச் சூட்டில பூஞ்சணம் சுருக்காப் புடிக்கும், சில பூஞ்சண நஞ்சு கொதிக்க வைச்சாலும் போகாது.

கொக்கட்டிச்சோலைக் கொக்கு:
நல்லா இருந்தா அதுவே போதும். பச்சை முளையில நொதியம் நிறைய இருக்கு. வறுத்த மாவையும் அதையும் சேத்துச் செய்யுங்க. பச்சை முளைய முன்னமே வெளியில எடுத்துக் குளிர் போக விட்டு, அம்மியிலயோ மிக்சியிலயோ அரைச்சு வைங்க. 6 கோப்பை கொதிதண்ணிக்கு 4 கோப்பை பச்சத்தண்ணி கலந்தா ஏறக்குறைய 72 பாகை வரும். தண்ணியில மூண்டில ஒரு பங்கு நிறைக்கு மாவும் முளையும் சேந்து போட்டா 66 பாகை அளவுக்கு இறங்கும். சட்டிய முதலே சுடுதண்ணியால அலம்பிச் சூடாக்குங்க. மூடி, போர்வையால சுத்தி ஒரு மணித்தியாலம் வைங்க. ஏலுமெண்டா எங்கயாவது வெப்பமானி ஒண்டு இரவல் வாங்குங்க. 75 தாண்ட விடவேணாம்.

இந்த 66 ஏன் எண்டும் காட்டும்போது சொல்லுங்க. பீற்றா 60 – 65இல சந்தோசமா நுனியில இருந்து மோல்ற்றோசு கழட்டும், 70 தாண்டினா போயிடும். அல்பா 70 தாண்டியும் நிண்டு கண்ட இடத்தில வெட்டும். சூடு குறைஞ்ச பக்கம் வைச்சா மதுவம் தின்னக்கூடிய சீனி கூட, பியர் மெலிசு. கூடின பக்கம் வைச்சா நொதிக்காத துண்டுகள் கூட, பியர் கனதி. பியர் காய்ச்சிறவன் மோல்ட்ட வைச்சுச் செய்யிற முடிவு இதுதான்.

வாவிக்கரையான்:
காட்டி முடிஞ்சதும் மிச்சச் சாறக் கொதிக்க வைச்சு பிரிட்ஜில வைங்க, இல்லாட்டிக் கொட்டுங்க. வெளியில விட்டா எங்கட சூட்டில விடிய முதல் தானா நொதிக்கத் தொடங்கும். அனுமதிப்பத்திரம் இல்லாம நொதிக்க வைக்கிறது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். படிக்கிற பிள்ளைக்கு அந்த அலுப்பு வேணாம்.

கல்லடிப்பாலம்:
வந்திட்டுது!! தேன் மாதிரி மணக்குது, நல்ல இனிப்பு. அயடீன் நிறம் மாறாம மஞ்சளாவே நிண்டுது. எல்லாருக்கும் நன்றி.

பழைய வாத்தியார்:
மகிழ்ச்சி. பிஎச் எவ்வளவு இருந்தது?

உலைமூடி:
புள்ள, குடிக்க முதல் கொதிக்க வைச்சீங்கதானே?

அக்கரைப்பற்று மாணவன்:
பழைய இழைய எழுப்புறதுக்கு மன்னிக்கணும். எங்களுக்கும் இதே தலைப்பு. உமியோட பார்லி இந்தப் பக்கம் எங்க எடுக்கலாம்? கடையெல்லாம் வெள்ளைப் பார்லிதான்.

கல்முனை நானா:
புறா வளக்கிற ஆக்களிட்ட கேட்டுப் பாருங்க தம்பி, தீனிக்கு வாங்குற இடம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விதைப்புக்கு எண்டு விக்கிறத மட்டும் வாங்க வேணாம், மருந்து பூசியிருப்பாங்க. எதை வாங்கினாலும் முழுக்க ஊறப் போட முதல் நூறு விதை எண்ணி ஈரத் துணியில சுத்தி வைச்சுப் பாருங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் குறைய முளைச்சா மோல்ட்டுக்குச் சரிவராது, முளைக்காதது பூஞ்சணம் புடிச்சு மத்ததையும் கெடுத்துடும்.