தங்கைக்குத் தனி ரேஷன் கார்டு எடுக்க வேண்டும், முகவரி அவள் கணவருக்குத் தெரியக்கூடாது

வேலந்தாவளம் அக்கா:
நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம், வேலந்தாவளம் பக்கம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். என் தங்கையை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்தோம். அடி பொறுக்க முடியாமல் நாலு வயதுப் பெண் குழந்தையோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் இருந்தால் தேடி வருவான் என்று வேறொரு பஞ்சாயத்தில் சின்ன வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறோம். கடலைக்காட்டு வேலைக்குப் போகிறாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்று இதுவரை அவனுக்குத் தெரியாது.

அவள் பெயரும் குழந்தை பெயரும் இன்னும் அவனுடைய தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில்தான் இருக்கின்றன. அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும் என்கிறார்கள். இணையத்தில் நீக்கப் போனால் ஓ.டி.பி. அவன் போனுக்குப் போகிறது. கார்டில் பதிந்திருப்பது அவன் நம்பர்தான்.

இங்கே ஒரு சேவை மையத்தில் கேட்டோம். ஆதாரின் இரண்டு பக்கம், குழந்தையின் பிறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அங்கிருப்பவரின் சொந்த வாட்ஸப்புக்கு அனுப்பச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தச் சின்ன எல்லையோரத்தில் யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லவே முடியாது. பக்கத்து வீட்டம்மா, 'ஒரே நாடு ஒரே ரேஷன் இருக்கிறதே, இங்கேயே விரல் வைத்து வாங்கிக்கொள்ளட்டும்' என்கிறார். அப்படி வாங்கினால் அவனுக்கு மெசேஜ் போகுமா?

அரிசி வேண்டும், குழந்தைக்குச் சோறு வேண்டும். அதற்காக அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க முடியாது. எதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், எதை மறுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரர் (வழங்கல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்):
அம்மா, முதலில் அந்த ஒரே ரேஷன் யோசனையை விட்டுவிடுங்கள். அதில் வாங்கினாலும் கணக்கு பழைய கார்டிலேயே ஏறும், மெசேஜும் அந்தக் கார்டில் பதிந்த நம்பருக்குத்தான். அதுவும் முன்னுரிமை கார்டுகளுக்கும், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுகளுக்கும் மட்டும்தான். வேலை தேடிப் போகிறவர்களுக்கு நல்ல திட்டம். ஒளிந்து வாழ வேண்டிய பெண்ணுக்கு உதவாது.

பெயர் நீக்க இணையம் ஒன்றுதான் வழி என்று இல்லை. கார்டு எந்த வட்டத்தில் இருக்கிறதோ, அந்த வட்ட வழங்கல் அலுவலகத்தில் தங்கையே நேரில் மனு கொடுக்கலாம். 'கணவரைப் பிரிந்து வாழ்கிறேன், என் பெயரையும் குழந்தையின் பெயரையும் நீக்கிச் சான்று தாருங்கள்' என்று எழுதினால் போதும். புது முகவரியை அதில் எழுத வேண்டாம். தபாலில் அனுப்பாதீர்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். பெயர் நீங்கியது அவருக்கு ஒருநாள் தெரியத்தான் செய்யும். எங்கே போனாள் என்பது தெரிய வேண்டியதில்லை. துணையில்லாமல் போக வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
இந்தப் பக்கம் ரேஷன் கடை நடத்துகிறேன். நீங்கள் சொன்ன வாட்ஸப் பழக்கம் எனக்கும் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. கேரள சிவில் சப்ளைஸ் இணையதளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம், ஆவணங்களை நேராக அதிலேயே ஏற்றலாம். போனில் செய்ய வராது என்றால் அக்ஷயா மையத்துக்கு (கேரள அரசின் இ-சேவை மையம்) போய், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. போன் நம்பர் தங்கையுடையதாக இருக்கட்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2013-ல். வீட்டில் பதினெட்டு வயது நிறைந்த பெண்களில் மூத்தவர்தான் கார்டின் தலைவி என்று அதிலேயே இருக்கிறது. அதனால் தங்கை பெயரிலேயே கார்டு வரும். ஆனால் புதுக்கார்டு முதலில் முன்னுரிமை இல்லாத வெள்ளைக் கார்டாகத்தான் கிடைக்கும். வெள்ளையில் அரிசி கொஞ்சம்தான், அதற்கும் காசு. பிங்க் (முன்னுரிமை) ஆனால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மஞ்சள் (அந்தியோதயா) ஆனால் குடும்பத்துக்கு 35 கிலோ. கைவிடப்பட்டு, தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களை முன்னுரிமைக்கு எடுக்கும்போது கவனிப்பார்கள், அதனால் வெள்ளை கைக்கு வந்ததும் மாற்றக் கேட்டு மனு போடுங்கள். வெள்ளையோடு விட்டுவிட வேண்டாம்.

கடையில் நாங்கள் ஆதார் நகல் கேட்கத் தேவையே இல்லை. 2018 முதல் இ-போஸ் மெஷின் இருக்கிறது, கார்டு எண்ணைப் போட்டு விரல் வைத்தால் முடிந்தது. காட்டு வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்து மெஷின் எடுக்காது, தினமும் பார்க்கிறேன். அதற்காக அரிசி இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் வாங்காமல் வராதீர்கள், ஓ.டி.பி. வழியும் இருக்கிறது.

வேலந்தாவளம் அக்கா:
ரொம்ப நன்றிங்க. ஒன்று விட்டுப்போனது. அவள் ஆதாரிலும் அவன் போன் நம்பர்தான் இருக்கிறது. ஆதார் நகலும் அவன் வீட்டில் கிடக்கிறது. குழந்தைக்கு ஆதார் இன்னும் எடுக்கவே இல்லை.

பாலக்காடு வக்கீல்:
அப்படியானால் வரிசையை மாற்றுங்கள், சகோதரி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஆதாரில் போன் நம்பரை மாற்ற வேண்டும். ஆதார் எண்ணும் பதிந்த போனும் ஒருவர் கையில் இருந்தால், புது முகவரியோடு இ-ஆதாரை அவரே இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வேறு எதை மறைத்தும் பயனில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போனால் கைரேகை வைத்து நம்பரை மாற்றித் தருவார்கள், பழைய நம்பருக்கு வரும் ஓ.டி.பி. தேவையில்லை. முகவரி மாற்றம் அதற்குப் பிறகு.

எதை மறுக்கலாம் என்று கேட்டீர்கள். கார்டுக்கு ஆதார் எண் கேட்பது சட்டப்படி செல்லும். 2016 ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது, உச்ச நீதிமன்றமும் 2018 செப்டம்பரில் அதை ஏற்றது. அதனால் சப்ளை ஆபீசுக்கு முழு எண்ணைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே பிரிவு, ஆதார் இன்னும் கிடைக்காதவருக்கு வேறு அடையாளச் சான்றை ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தையைப் பொறுத்தவரை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அதுதான். பிறப்புச் சான்றோடு ஆதார் பதிவுச் சீட்டையும் வையுங்கள். 29-வது பிரிவு, சேகரித்த அடையாளத் தகவலைச் சொன்ன காரியத்துக்கு அல்லாமல் வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது என்கிறது. ஒருவருடைய சொந்த வாட்ஸப்புக்கு அனுப்பச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை, தைரியமாக மறுக்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டவர் ஆதார் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

2017-ல் ஜார்க்கண்டின் சிம்தேகாவில், ஆதார் இணைக்காத கார்டு ரத்தாகிப்போன வீட்டில் பதினோரு வயதுப் பெண் குழந்தை இறந்தது. அதன் பிறகு அந்த அக்டோபரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது: ஆதார் இல்லை என்பதற்காகப் பெயரை நீக்காதே, தானியத்தை மறுக்காதே. ஒரு குழந்தை போன பிறகு வந்த கடிதம் அது. யாராவது திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

இன்னொன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 27-வது பிரிவு ரேஷன் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறது. திருட்டைத் தடுக்க அது வேண்டியதுதான். ஆனால் உங்கள் தங்கை விஷயத்தில் ஆபத்தும் அங்கேதான். முகவரி வெளியே தெரியக்கூடாது என்று தாலுகா சப்ளை ஆபீசருக்குத் தனியாக ஒரு மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அந்த உரிமை கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் இருக்கிறது. கூடவே 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழைத்து மகளிர் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கி அதன் நகலை மனுவோடு வைத்தால், ஆபீசில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலந்தாவளம் அக்கா:
சரிங்க. முதலில் போன் நம்பர், அப்புறம் பொள்ளாச்சி ஐயா சொன்ன மனு, அதற்கு முன்பே 181. ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம் என்று என் மகன் சொல்கிறான். பூட்டினால் கடையில் அரிசி வாங்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
பூட்டி இருந்தால் மெஷின் ஏற்காது. கடைக்கு வந்து வரிசையில் நிற்கும்போது போனில் திறந்துவிடச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் திறந்திருந்து தானாகவே பூட்டிக்கொள்ளும். போனில் செய்யத் தெரியாவிட்டால் எந்தக் கடைக்காரரும் சொல்லிக் கொடுப்பார். ஓ.டி.பி.யை மட்டும் எங்களிடம்கூட வாய்விட்டுச் சொல்லாமல், மெஷினில் அவரே அழுத்தட்டும்.