ரிச்மண்ட் செங்களிமண்ணில் டாக்வுட்: எங்கே நடலாம், அடியில் என்ன வைக்கலாம்?

கேள்வி
வர்ஜீனியா, ரிச்மண்ட் பக்கம் வீடு. மேற்கு பார்த்த புல்தரையில் ஐந்தடி உயர வெள்ளை டாக்வுட் (வசந்தத்தில் பூக்கும் சிறு மரம்) நடலாம் என்றிருக்கிறேன். மண் கெட்டிச் செங்களி. சுற்றிலும் வைக்க ஐவி கொடி, அகல இலை ஹோஸ்டா செடி இரண்டும் கையில் இருக்கின்றன. சரிவருமா?

பதில் 1
அந்த இடம் வேண்டாங்க. இது ஓக் மரங்களின் நிழலோரம் வளர்கிற காட்டு மரம். மேற்கு வெயிலில் ஜூலையிலேயே இலையோரம் கருகிவிடும். வீட்டுக்குக் கிழக்கே, சுவரிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள். காலை வெயில் போதும்.

குழியின் அகலம் வேர்ப்பந்தை (வேரும் அதைச் சுற்றிய மண்ணும்) போல மூன்று மடங்கு, ஆழம் வேர்ப்பந்தின் உயரத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு. களிமண்ணில் ஆழமாகத் தோண்டி உரமண் நிரப்பினால் அங்கே தண்ணீர் தேங்கி வேர் அழுகும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். தண்டு விரிந்து வேராகும் இடம் வெளியே தெரியணும்.

பதில் 2
ஐவி தண்டில் ஏறிவிடும், வேண்டவே வேண்டாம். மான் வரும் தெரு என்றால் ஹோஸ்டா மிஞ்சாது. ஏப்ரலில் டாக்வுட்டோடு சேர்ந்து பூக்கும் வர்ஜீனியா புளூபெல் என்ற நீலப் பூச்செடி வையுங்கள். ஜூனில் அதன் இலை காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். அந்த வெற்றிடத்தைக் கிறிஸ்துமஸ் ஃபெர்ன் மறைக்கும். டாக்வுட்டுக்குப் புளிப்பு மண் வேண்டும், பிஎச் (புளிப்பு அளவு) 5.5 முதல் 6.5 வரை. அசேலியா பூச்செடிக்கும் புளிப்பு மண்தான். அதனால் புல்லுக்குப் போடும் சுண்ணாம்பு இந்தப் பக்கம் வரக்கூடாது.

டாக்வுட் வேர் மேலாகவே ஓடும். துணைச்செடிகளைச் சின்ன நாற்றாக, மரத்தோடு சேர்த்தே நட்டுவிடுங்கள். பிறகு மண்ணைக் கிளறினால் வேர் அறுபடும்.

கேட்டவர்
நன்றி. மூடாக்கு, தண்ணீர் எவ்வளவு? நோய் வருமா?

பதில் 2
பைன் பட்டை மூன்று அங்குலம், தண்டிலிருந்து நாலு அங்குலம் விட்டு. தண்டைச் சுற்றி மலையாகக் குவிக்கிறார்களே, அதைப் பார்த்துச் செய்யாதீர்கள், பட்டை அழுகும். புல்வெட்டும் கருவி பட்டையில் பட்டாலும் போச்சு. அந்தக் காயத்தில்தான் துளைப்பான் பூச்சி முட்டையிடும். மழையில்லாத வாரம் 10 கேலன், முதல் இரண்டு கோடை. முதல் வருடம் உரம் வேண்டாம்.

பதில் 1
ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் குளிர்ந்த மலைப்பகுதியில்தான் அதிகம். உங்கள் ஊரில் தொல்லை சாம்பல் நோய். இலைமேல் வெள்ளைப் பொடி படியும். மரம் இன்னும் வாங்கவில்லை என்றால் டென்னசி பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ஜீன்ஸ் அப்பலாச்சியன் ஸ்னோ' கேளுங்கள், சாம்பல் நோயைத் தாங்கும் ரகம். கிளை வெட்டுவது பூ உதிர்ந்தவுடனே. ஆகஸ்டுக்குள் நுனியில் பொத்தான் மாதிரி உருண்டை மொட்டு வந்துவிடும். பிறகு வெட்டினால் அடுத்த வசந்தத்தின் பூவும் கூடவே போய்விடும்.