ஆகஸ்டில் லேக் டிஸ்ட்ரிக்ட்: கூட்டத்தை விட்டு விலகி நடக்க எங்கே செல்லலாம்?

தேம்ஸ்கரையான் (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி, ஆகஸ்டு முதல் வாரத்தில் இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டுக்குக் குடும்பத்துடன் நடைப்பயணம் செல்ல எண்ணியிருக்கிறோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்குப் பத்து. இருவரும் நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டர் சளைக்காமல் நடப்பார்கள். சென்ற கோடையில் விண்டர்மியரில் தங்கினோம். பௌனஸ் படகுத்துறையில் நிற்கவே இடமில்லை. ஆம்பிள்சைடில் காரை நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது கழிந்தது. மலையைப் பார்க்கப் போய், நடைபாதையில் முன்னே செல்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்ததுதான் மிச்சம். பயணத் தேதியை மாற்ற வழியில்லை. லண்டனிலிருந்து இம்முறை ரயிலிலேயே வரலாம் என்றும் யோசிக்கிறோம். அமைதியாக நடக்க எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

மேற்குமலை:

வணக்கம் ஐயா. கூட்டம் ஏன் அங்கே சேர்கிறது என்பதைப் பார்த்தால் விடையும் கிடைத்துவிடும். எம்6 நெடுஞ்சாலை மலைத்தொகுதியின் கிழக்கு விளிம்பை ஒட்டிச் செல்கிறது. ஆக்ஸன்ஹோமிலிருந்து பிரியும் கிளை ரயில் விண்டர்மியரில் முடிகிறது. ஒரே நாளில் வந்து திரும்புவோர் இவ்விரு வழிகளிலும் வந்து விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர், கெஸ்விக் ஆகிய ஊர்களில் நிறைந்துவிடுகின்றனர். மேற்குப் பள்ளத்தாக்குகளுக்குச் செல்ல வேண்டுமானால், மூன்றடிக்கு ஓரடி ஏறும் ஹார்ட்நாட் கணவாயைக் கடக்க வேண்டும், அல்லது கடற்கரையோரமாக நெடுந்தொலைவு சுற்றிவர வேண்டும். அந்தத் தொலைவுதான் அப்பள்ளத்தாக்குகளைக் காத்து வருகிறது.

ரயிலில் வர எண்ணும் உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய இடம், மேற்குப் பள்ளத்தாக்குகளில் ஒன்றான எஸ்க்டேல். லங்காஸ்டரில் மாறி, பாரோ நகர் வழியாகக் கடலோர ரயிலில் ரேவன்கிளாஸ் வரலாம். இரும்புத்தாது ஏற்றிச் செல்வதற்காக 1875இல் தொடங்கப்பட்ட சிறு ரயில்பாதை ஒன்று அங்கிருந்து பள்ளத்தாக்கினுள் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் செல்கிறது. இன்று அதில் ஓடுவது பதினைந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் செல்லும் குட்டி ரயில். பிள்ளைகளுக்கு அதுவே பெரும் மகிழ்ச்சியாக இருக்கும். கடைசி நிலையமான டேல்கார்த்தில் இறங்கிச் சற்று நடந்தால் பூட் என்னும் சிற்றூர்.

பூட்டிலுள்ள, நீரால் இயங்கும் பழைய மாவாலையைத் தாண்டி, ஓடையை ஒட்டி ஏறும் பாதை பர்ன்மூர் குளத்துக்குச் செல்கிறது. சொந்த இடுகாடு இல்லாத காலத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கான வாஸ்டேலின் மக்கள் இறந்தோரை இவ்வழியாகத்தான் எஸ்க்டேல் தேவாலயத்துக்குச் சுமந்து வந்தனர். மேடேறியதும் மரங்கள் முற்றிலும் நின்றுவிடும். மஞ்சளித்த புல்வெளி, சாம்பல்நிற ஹெர்ட்விக் ஆடுகள், நடுவே கரையில் ஒரு வீடு மட்டுமே உள்ள அகன்ற நீர்ப்பரப்பு. போய்வர எட்டு அல்லது ஒன்பது கிலோமீட்டர்தான்.

மேற்கு என்றாலே அமைதி என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். வாஸ்டேல் ஹெட், இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான, 978 மீட்டர் உயரமுள்ள ஸ்கேஃபெல் பைக்கின் அடிவாரம். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றின் உயர்ந்த சிகரங்களையும் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏற முயல்வோர் கோடையில் நள்ளிரவிலும் அங்கே வந்து இறங்குகின்றனர்.

கெஸ்விக் நடையர்:

மேற்குமலை அவர்கள் சொன்னது சரியே. ஆனாலும், சிறு பிள்ளைகளுடன் வருவோர் கடை, மருந்தகம், அடிக்கடி வரும் பேருந்து ஆகியவை உள்ள ஊரில் தங்குவதே வசதி என்பது என் கருத்து. நேரத்தையும் பாதையையும் சற்றே மாற்றினால் கெஸ்விக்கிலும் தனிமை கிடைக்கும்.

கெஸ்விக்குக்கு அருகிலுள்ள கேட்பெல்ஸ் 451 மீட்டர் உயரமே உள்ள மலை என்பதால் எல்லோரும் ஏறுகின்றனர். உச்சிக்குச் சற்றுக் கீழே கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய பாறையில், பதினோரு மணியளவில் வரிசையே நிற்கும். ஆகஸ்டு தொடக்கத்தில் காலை ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம் இருப்பதால், ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் அதே பாறை வெறுமையாக இருக்கும். உச்சியைத் தாண்டியதும் வரும் ஹாஸ் கேட் கணவாயில் பெரும்பாலோர் ஏரிப்பக்கம் இறங்கிவிடுகின்றனர். நீங்கள் இறங்காமல் மெய்டன் மூர் வழியாக ஹை ஸ்பை வரை மலைமுகட்டிலேயே செல்லுங்கள்; ஒரே கணவாயில் கூட்டம் முழுவதும் பின்தங்கிவிடும். பிறகு பாரோடேல் பள்ளத்தாக்கில் இறங்கி, 78ஆம் எண் பேருந்தில் கெஸ்விக் திரும்பலாம். பிள்ளைகளுக்கு இது சற்று நீண்ட நாளாக இருக்கும், ஆகவே வானிலை தெளிவாக உள்ள நாளுக்கு இதை ஒதுக்கிவையுங்கள்.

வரைபடப் பிரியர்:

இருவரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். கூட்டமான பாதையில் வழி தவறினால் முன்னே செல்பவரைக் கேட்கலாம். கூட்டமில்லாத பாதையில் கேட்க ஆள் இருக்காது. பர்ன்மூர் குளத்தைச் சுற்றிலும் சதுப்பு நிலம். மேகம் இறங்கிவிட்டால் பாதை கண்ணுக்குப் புலப்படாது. கைப்பேசித் தொடர்பு பல பள்ளத்தாக்குகளில் அறவே கிடைப்பதில்லை. பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தைத் தாள் வடிவில்க் கட்டாயம் வாங்குங்கள். எஸ்க்டேலுக்கு ஓஎல்6 எண்ணுள்ள வரைபடம், கெஸ்விக் பக்கத்துக்கு ஓஎல்4. திசைகாட்டியைப் பயன்படுத்த மகனுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள், பன்னிரண்டு வயதில் ஆர்வமாகக் கற்றுக்கொள்வான். ஆபத்தில் 999ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலைமீட்புக் குழுவையும் கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் மழைக்கோட்டும் ஒரு கம்பளிச் சட்டையும் கோடையிலும் தேவை. மலைமேல் கடை எதுவும் கிடையாது; புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் மாலை வரை கெடாது.

தேம்ஸ்கரையான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பாதி எஸ்க்டேல், பிற்பாதி கெஸ்விக் என்று பிரித்துக்கொள்ளலாமா? ஒன்றிலிருந்து மற்றதற்குக் காரின்றிச் செல்வது பிள்ளைகளுடன் கடினமாக இருக்குமா?

மேற்குமலை:

கடினமில்லை, ஆனால் ஒரு பகல் முழுவதும் அதற்குப் போய்விடும். ரேவன்கிளாஸிலிருந்து அதே கடலோர ரயிலில் வடக்கே சென்று, ஒர்க்கிங்டனில் இறங்கிக் கெஸ்விக்குக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் சேவை குறைவு என்பதால் வார நாளில் மாறுங்கள். பூட் பக்கம் தங்குமிடங்கள் மிகச் சில. ஆகஸ்டுக்கு அவை முன்கூட்டியே நிரம்பிவிடும். ஆகவே முதலில் அங்கே அறை உறுதியான பின்பே கெஸ்விக்கில் பதிவு செய்யுங்கள்.