பிளக்கைப் பிடுங்கியவன் சிரித்தான்

நாலுகம்பி:
பங்க் ராக் குழுவில் ஆறு வருஷம் பேஸ் கித்தார், ஆள் வராத நாளில் டிரம்ஸ். அப்புறம் சின்த் என்கிற மின்னணுக் கீபோர்டு, தானே தாளம் போடும் டிரம் மெஷின் என்று தனியாளாகிவிட்டேன். பழைய கூட்டத்தின் முன்னால் அதை முதல்முறை வாசித்த இரவு, மூன்றாவது பாட்டு. முன்வரிசையில் ஒருவன் மேடையோரம் குனிந்தான். ஷூ லேஸ் கட்டுகிறான் என்று நினைத்தேன். டிரம் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். தாளம் செத்துப்போச்சு. என் விரல் மட்டும் கீபோர்டில் அனாதையாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் கோபப்பட்டிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். ஏதோ உதவி செய்தவன் மாதிரி சிரித்தான். "பேஸை எடு" என்றான். எடுத்தேன். அதுதான் உறுத்துகிறது.

ஈயப்பெட்டி:
இதற்கேவா? சூசைட் என்று இரண்டு பேர் மட்டுமே இருந்த ஒரு மின்னணு இசைக்குழு. அதில் ஆலன் வேகா பாட்டு, மார்ட்டின் ரெவ் கீபோர்டும் ரிதம் பெட்டியும். 1978இல் பிரஸ்ஸல்ஸில் ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் கச்சேரியில் அவருக்கு முன்னால் மேடை ஏறினார்கள். கூட்டம் மைக்கையே பறித்தது. 23 நிமிடத்தில் கதை முடிந்தது. அந்தப் பதிவைத்தான் இன்றும் தேடிக் கேட்கிறோம். நீங்கள் பேஸைத் தொட்டிருக்கவே கூடாது.

நாலுகம்பி:
அவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தன்.

குச்சிமுறிச்சான்:
ஈயப்பெட்டிக்கு என்ன, சொல்லிவிடலாம். நான் ஒரு ஆல்பத்தில் டிரம்ஸ், கித்தார், சின்த் மூன்றும் வாசித்தேன். உறையில் என் பெயரோடு "டிரம்ஸ்" மட்டும். காசும் அதற்கு மட்டும். "ஒரே ஆள்தானே?" என்றார்கள். என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எந்தப் பாட்டில் எதை வாசித்தீர்கள் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாசித்த கூலி வேறு, மெட்டுப் போட்டவரின் பங்கு வேறு. இரண்டையும் ஒரே தொகையில் முடிக்க விடாதீர்கள். மேடையில் பிளக் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டி, பிளக் செருகும் பெட்டியை ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தள்ளுங்கள். மெஷினோடு டிரம்மரும் வாசித்தால், வேகம் காட்டும் கிளிக் சத்தம் அவர் காதில் கட்டாயம். பங்க் டிரம்மர் நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஆரம்பித்து 190இல் முடிப்பார், மெஷின் 180இலேயே நிற்கும், சண்டை வரும். லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 512 சாம்பிள் என்றால், நொடிக்கு 44,100 சாம்பிள் (44.1 கிலோஹெர்ட்ஸ்) வேகத்தில் அது மட்டுமே சுமார் 12 மில்லிசெகண்ட் தாமதம். நீட்டி வாசிக்கும் சின்த்துக்குப் பரவாயில்லை. மின்னணு டிரம் பேட் அடிக்கிறவருக்குக் கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். 128க்கு இறக்குங்கள்.

ஈயப்பெட்டி:
கதையைவிட அறிவுரை நீளம். அதோடு, பங்க் கூட்டம் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். மோபி என்கிற அமெரிக்க இசைக்கலைஞர் முதலில் ஹார்ட்கோர் என்கிற அதிவேக பங்க்கில் கித்தார் அடித்தவர். நடன இசையில் பெயர் வாங்கிவிட்டு 1996இல் மறுபடி கித்தாரோடு ஒரு ஆல்பம் போட்டார். நடன இசை ரசிகர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று வருஷம் கழித்து, வீட்டில் தனியாளாகச் செய்த ஆல்பம் புகழில் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

நாலுகம்பி:
டேப் ஒட்டுகிறேன், சரி. ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவன் மறுபடி வந்தான். அந்த டிரம் மெஷின் என்ன விலை என்று கேட்டான்.